வன்னியில் ஹயர் ஓடும் வான்களுக்குப் பயோடீசல் கலவை: முழுமையான வழிகாட்டி

பயோடீசலால் வான் நின்றது என்று கேள்விப்பட்டால், பெரும்பாலும் நின்றதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: தாங்கிக்குள் இருந்த பழைய அழுக்கு, பதம் தவறிய எண்ணெய், அல்லது பயோடீசல் என்ற பெயரில் ஊற்றிய வெறும் பொரித்த எண்ணெய். இந்த மூன்றையும் முதலிலேயே அடைத்துவிட்டால், பழைய டீசல் வான் 20 வீதக் கலவையில் நன்றாக ஓடும். அடைக்காமல் ஊற்றினால், கனகராயன்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் ஆட்களோடு வீதியோரம் நிற்க வேண்டிவரும். ஹயர் வாகனத்துக்கு அந்த ஒரு நாள் நட்டமே மூன்று மாத மிச்சத்தைத் தின்றுவிடும்.

பயோடீசல் எது, எது அல்ல

தாவர எண்ணெயை மெதனோலோடும் காரத்தோடும் வினைபுரிய வைத்து, கிளிசரினைப் பிரித்து, கழுவி, உலர்த்தி எடுப்பதுதான் பயோடீசல். ரோல்ஸ், வடை, மிக்சர் பொரித்த எண்ணெயை வடித்துத் தாங்கியில் ஊற்றுவது பயோடீசல் அல்ல. 40 பாகை வெப்பத்தில் டீசலின் பிசுக்குமை, அதாவது தடிப்பு, 2 முதல் 4.5 சென்ரிஸ்ரோக்ஸ் வரை. பயோடீசல் 3.5 முதல் 5 வரை இருக்கும், தேங்காய் எண்ணெயிலிருந்து செய்தது இன்னும் சற்று மெல்லியது. வெறும் தேங்காய் எண்ணெயோ 27 அளவில் நிற்கும். அந்தத் தடிப்பில் நொசில் பூவாகத் தெளிக்காது, துளியாகச் சிந்தும். எரியாத எண்ணெய் நொசில் நுனியில் கரியாகப் பிடிக்கும், ரிங் ஒட்டும், மீதி இன்ஜின் ஒயிலுக்குள் இறங்கி அதைக் கூழாக்கும்.

இன்னொன்று. தேங்காய் எண்ணெய் 24, 25 பாகைக்குக் கீழே உறையும். தை மாதப் பனிக்காலையில் குசினியில் போத்தலுக்குள் அது வெள்ளையாகக் கட்டியாய் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கட்டிதான் வானின் பில்டருக்குள்ளும் நிற்கும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடவில்லையா, இதுவும் ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு. அன்று மண்ணெண்ணெயில் ஓடியவை பெரும்பாலும் கார்புரேற்றர் வைத்த பெற்றோல் இயந்திரங்கள். துளி பெற்றோலில் உசுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். டீசல் பம்ப் வேறு சாதி. உள்ளே சுழலும் பாகங்களுக்கு எண்ணெய்ப் பிடிப்பைக் கொடுப்பது டீசலேதான். மண்ணெண்ணெய் கலந்தால் அந்தப் பிடிப்பு குறைந்து பம்ப் தேயும். பயோடீசலில் அந்தக் கவலை இல்லை. ஓரிரு வீதம் கலந்தாலே பிடிப்பு கூடும். கந்தகம் குறைந்த டீசலுக்கு இது உண்மையான நன்மை.

எந்த வானுக்கு எவ்வளவு

"பி" என்ற எழுத்துக்குப் பின்னால் வருவது பயோடீசலின் வீதம். பி5 என்றால் 100 லீற்றரில் 5, பி20 என்றால் 20.

டொல்பின் உட்பட்ட பழைய ஹைஏஸ்களில் உள்ள 2எல், 3எல், 5எல் இயந்திரங்களும், பழைய கரவனின் ரிடி27 இயந்திரமும் சுழல் பம்ப் வைத்தவை, சிலிண்டருக்கு முன்னுள்ள சிறு அறையில் எரிபவை. இவை பி20 வரை தாங்கும். பட்டா (டாட்டா ஏஸ்) லொறிகளில் இரண்டு சிலிண்டர், 702 சிசி பழைய வகையும் இப்படித்தான். பி20க்கு மேலே போக வேண்டாம். அதற்கு மேல் றப்பர், ஒயில், பில்டர் எல்லாவற்றின் கணக்கும் மாறிவிடும்.

பிறகு வந்த ஹைஏஸ்களான கேடிஎச் வான்களின் 1கேடி, 2கேடி இயந்திரங்கள் கொமன் ரெயில். அவற்றில் டீசல் 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் போகிறது, நொசில் துவாரங்கள் மயிரிழை. பி5ஐத் தாண்ட வேண்டாம். அதுவும் ஆய்வுகூட அறிக்கை உள்ள எண்ணெய் என்றால் மட்டும். ஐரோப்பிய டீசல் தரமான இஎன் 590 பயோடீசலை 7 வீதம் வரை அனுமதிக்கிறது, அமெரிக்கத் தரமான டி975 5 வீதம் வரை. அந்த எல்லைகள் தரம் பார்த்த எண்ணெயை மனதில் வைத்துப் போட்டவை, கொட்டிலுக்குப் பின்னால் காய்ச்சியதை அல்ல. புகைபோக்கியில் புகைக்கரி வடிகட்டி உள்ள புதிய வாகனங்களுக்குக் கலவையே வேண்டாம். வடிகட்டியைச் சுத்தமாக்க அவை சிலிண்டருக்குள் கூடுதலாக டீசல் தெளிக்கும். அதிலுள்ள பயோடீசல் இலகுவில் ஆவியாகாமல் சுவரில் வழிந்து ஒயிலில் சேரும்.

லீசிங்கில் உள்ள வாகனம், உத்தரவாதக் காலம் முடியாத வாகனம் என்றால் ஒப்பந்தத்தையும் காப்புறுதியையும் முதலில் வாசியுங்கள். வாடகைக்கு எடுத்து ஓட்டும் வானில் உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் ஒரு போத்தல்கூட ஊற்ற வேண்டாம். பிறகு பம்ப் போனால், எதனால் போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

கணக்கு சரிவருமா

பயோடீசலில் லீற்றருக்கு லீற்றர் சக்தி ஏறத்தாழ 8 வீதம் குறைவு. ஆகவே டீசல் விலையின் 92 வீதத்துக்கு மேல் கேட்டால் வாங்குவதில் இலாபமில்லை. பி20 கலவையில் மொத்தக் குறைவு 1.6 வீதம். மாதம் 3,000 கிலோமீற்றர் ஓடி, லீற்றருக்கு 10 கிலோமீற்றர் கொடுக்கும் வானை எடுத்துக்கொள்ளுங்கள். 300 லீற்றர் தேவை, அதில் பயோடீசல் 60 லீற்றர். சக்தி குறைவதால் கூடுதலாக ஏறத்தாழ 5 லீற்றர் போகும். 60 லீற்றரில் வரும் விலை மிச்சத்திலிருந்து இந்த 5 லீற்றரின் விலையையும், தொடக்கத்தில் போகும் நான்கு பில்டர்களின் விலையையும், ஹோஸ் மாற்றும் செலவையும் கழியுங்கள். மாதம் 1,000 கிலோமீற்றர்கூட ஓடாத வானுக்கு இது கட்டாது. கிழமைக்கணக்கில் நிற்கும் வானுக்குக் கட்டவே கட்டாது. தாங்கிக்குள் கிடந்து பழுதாகும்.

வாங்கும் எண்ணெயைப் பார்க்கும் விதம்

எரிபொருள் செட்டில் பி20 என்று தனிக் குழாய் கிடையாது. எனவே சிறு உற்பத்தியாளரிடம்தான் வாங்குவீர்கள். அவரிடம் கேட்க வேண்டியது இரண்டு: எத்தனை தரம் தண்ணீரில் கழுவினீர்கள், எப்படி உலர்த்தினீர்கள்? இரண்டுக்கும் தயங்காமல் பதில் வராவிட்டால் கலனைத் திருப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். கண்ணாடிப் போத்தலில் நிரப்பி, பின்னால் பத்திரிகைத் தாளைப் பிடியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். நிறம் மஞ்சளோ மண்ணிறமோ, அது பிரச்சினையல்ல. மங்கல்தான் பிரச்சினை. 24 மணித்தியாலம் அசையாமல் வைத்தபின் அடியில் ஒரு கோடுகூட விழக்கூடாது.

அடுத்தது மெதனோல் சோதனை. மருந்து ஊசியால் 27 மில்லிலீற்றர் மெதனோல் அளந்து சிறு போத்தலில் விடுங்கள். 3 மில்லிலீற்றர் பயோடீசல் சேர்த்து மூடி நன்றாகக் குலுக்குங்கள். போத்தலை மண்பானைத் தண்ணீர் போலக் குளிர்ந்த நீரில் 10 நிமிடம் வைக்க வேண்டும். வன்னி வெயிலில் சூடான மெதனோல் கரையாததையும் கரைத்துக் காட்டிவிடும். அடியில் எண்ணெய்த் துளி திரண்டால் வினை முடியவில்லை, ஒரு பகுதி எண்ணெய் எண்ணெயாகவே இருக்கிறது. தெளிவாக நின்றால் அந்த ஒரு குறை இல்லை என்று மட்டுமே அர்த்தம்.

மூன்றாவது தண்ணீர்ச் சோதனை. பாதி எண்ணெய், பாதி தண்ணீர், 10 விநாடி பலமாகக் குலுக்குங்கள். அரை மணித்தியாலத்துக்குள் மேலே எண்ணெய், கீழே தெளிந்த தண்ணீர் என்று பிரிய வேண்டும். நடுவில் தயிராடைபோல வெள்ளைப் படை நின்றால் சவர்க்காரம் மிஞ்சியிருக்கிறது. அதுதான் பில்டரை அடைக்கும்.

ஈரம் பார்க்க, இரும்புச் சட்டியை நன்றாகச் சூடாக்கி, நெருப்பிலிருந்து தூரத்தில், வெளியில் வைத்துச் சில துளி விடுங்கள். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது. அடுப்பின் மேல் வைத்துச் செய்யக் கூடாது. சரியாக உலராத எண்ணெயில் மெதனோல் மிஞ்சியிருந்தால் அதன் ஆவி பற்றும்.

கூடுதலாக வாங்குபவர்கள் ஆய்வுகூட அறிக்கை கேளுங்கள். ஐரோப்பியப் பயோடீசல் தரமான இஎன் 14214இல் தண்ணீர் கிலோவுக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, அமில எண் 0.50ஐத் தாண்டக்கூடாது.

ரியூப்பை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் இறக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். பயோடீசலில் அதைச் செய்யவே வேண்டாம். மிஞ்சிய மெதனோல் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் கண்பார்வையைப் பறிக்கும். கைப்பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். மெதனோல் போத்தலை வீட்டுக்குள், பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.

வானை ஆயத்தப்படுத்தல்

பயோடீசல் நல்ல கரைப்பான். பத்து, பதினைந்து வருடமாகத் தாங்கிச் சுவரில் பிடித்திருக்கும் பிசினையும் கறுப்பு மண்டியையும் உரித்துப் பில்டருக்கு அனுப்பும். 2022 நெருக்கடிக் காலத்தில் கலனிலும் பரலிலும் வாங்கி ஊற்றிய டீசலின் மண்டி இன்னும் பல தாங்கிகளில் இருக்கிறது. எனவே தாங்கியைக் கழுவுவதுதான் முழு வேலையின் அத்திவாரம்.

தாங்கியில் 5 லீற்றருக்குக் குறைவாக டீசல் இருக்கும் நாளில் வேலையைத் தொடங்குங்கள். பற்றரியின் எதிர் முனையைக் கழற்றுங்கள். அடி நட்டைத் திறந்து வடித்து, தாங்கியை இறக்கி, 5 லீற்றர் சுத்த டீசல் விட்டு இரண்டு பேர் பிடித்து ஆட்டிக் கொட்டுங்கள். வெளியே வருவது தேநீர் நிறத்திலிருந்து டீசல் நிறத்துக்கு வரும்வரை இதைத் திருப்பிச் செய்யுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம், அதை முழுதாக உலர்த்த முடியாது. உள்ளே வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். செதில் செதிலாகத் துரு உரிந்தால் அந்தத் தாங்கிக்குப் பயோடீசல் வேண்டாம், முதலில் தாங்கியை மாற்றுங்கள். உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள சல்லடையைத் தூரிகையால் கழுவிப் பூட்டுங்கள்.

அடுத்தது றப்பர். பழைய டீசல் ஹோஸ்கள் நைட்ரில் றப்பர் அல்லது சாதாரண றப்பர். பயோடீசலில் அவை ஊதி, மெதுமையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் நிற்கும் நிலைக்கு வரும். பிறகு கிளிப்புக்குக் கீழே வெடிக்கும். பி5க்கு உடனே மாற்றத் தேவையில்லை. பி20க்குப் போகிறவர்கள் தாங்கியிலிருந்து பில்டருக்கும், பில்டரிலிருந்து பம்புக்கும், நொசில்களிலிருந்து திரும்பி வரும் சிறிய ரிட்டர்ன் குழாய்க்கும் பயோடீசலைத் தாங்கும் வைட்டன் றப்பர் உள்பூச்சுள்ள ஹோஸ் போடுங்கள். பழைய துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய் உள்விட்டம் பார்த்து வாங்குவதே சரி. கிளிப்பும் புதிது. இடையில் செம்புக் குழாய் வைத்து ஒட்டியிருந்தால் அதைக் கழற்றி இரும்புக் குழாய் போடுங்கள். செம்பும் பித்தளையும் நாகமும் (சிங்க்) பயோடீசலைச் சீக்கிரம் காறலாக்கும், காறல் பிசினாகும்.

பம்பின் முன்பக்கத்திலோ மூடியிலோ ஏற்கெனவே ஈரம் கசிந்தால், கலவையைத் தொடுவதற்கு முன் ஓரிங்குகளை வைட்டனில் மாற்றுவியுங்கள். கசியும் பம்பில் பயோடீசலை ஊற்றிவிட்டு அது கெடுத்தது என்று சொல்வது நியாயமல்ல.

பில்டர் நான்கு வாங்குங்கள். ஒன்று இப்போது பூட்ட, மூன்று வண்டிக்குள் வைக்க.

கலத்தல்

பயோடீசல் டீசலைவிடப் பாரம், ஒரு லீற்றர் ஏறத்தாழ 880 கிராம். அதனால் டீசலின் மேல் பயோடீசலை ஊற்றினால் அது தானே இறங்கிக் கலக்கும். மாறி ஊற்றினால் அடியிலேயே தங்கும், உறிஞ்சு குழாய் முதலில் அந்தத் தனிப் பயோடீசலை இழுக்கும். 20 லீற்றர் கலனில் 8 லீற்றர் டீசல், பிறகு பயோடீசல், மேலே மீதி டீசல், மூடி உருட்டல். பி5க்கு 20 லீற்றரில் 1 லீற்றர், பி10க்கு 2, பி20க்கு 4. வானின் தாங்கியிலேயே நேரடியாகக் கலக்க வேண்டியிருந்தால், முக்கால் தாங்கி டீசல் அடித்து, பயோடீசல் ஊற்றி, மீதியை டீசலால் நிரப்பி உடனே 5 கிலோமீற்றராவது ஓடுங்கள். வன்னிக் கிறவல் ஒழுங்கை அதை நன்றாகவே கலக்கும்.

பழைய சாரத் துணியில் வடிப்பது போதாது. துணி இலையையும் தும்பையும் பிடிக்கும், பில்டரை அடைக்கும் நுண்மண்டியைப் பிடிக்காது. 10 மைக்ரோன் பில்டர் உறை வழியாக வடியுங்கள். கலன் நல்ல தடித்த பிளாஸ்ரிக்காக இருக்கட்டும். நாகம் பூசிய வாளி வேண்டாம், பித்தளைத் திருகுபிடி வைத்த பரலும் வேண்டாம். கிருமிநாசினி வந்த நீலப் பரலைக் கழுவினாலும் நம்பக் கூடாது. நிழலில், வாய்வரை நிரப்பி, இறுக மூடி, இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

முதல் 3,000 கிலோமீற்றர்

பழைய வான்களில் இரண்டு தாங்கி பி5, அடுத்த இரண்டு பி10, பிறகு பி20. முதல் 500 கிலோமீற்றரில் பில்டரை மாற்றுங்கள், அடைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1,000இல் இரண்டாவது, 3,000இல் மூன்றாவது. மூன்றாவதை அறுத்துத் தாளைப் பாருங்கள். கறுப்பு குறைந்து மண்ணிறமாக இருந்தால் தாங்கி சுத்தமாகிவிட்டது, இனி 5,000 கிலோமீற்றருக்கு ஒன்று போதும். தாளில் கறுப்பாக வழுவழுவென்று சளிபோல ஒட்டி, நாறினால் அது வேறு கதை: தாங்கியில் தண்ணீர் தங்கி, தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் இடையில் கிருமி வளர்ந்திருக்கிறது. தாங்கியை மறுபடி இறக்க வேண்டும்.

இந்த 3,000 கிலோமீற்றரை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று கிட்டிய ஓட்டங்களில் முடியுங்கள். கட்டுநாயக்கா விமான நிலைய ஹயர், மடு ஆவணித் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல் ஓட்டங்களுக்கு முன்னால் கலவையைத் தொடங்க வேண்டாம். விமானம் காத்திராது.

ஏ9இல் போகிற எல்லோரும் முறிகண்டியில் இறங்கித்தானே ஆகவேண்டும். ஆட்கள் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பொனற்றையோ ஆசனத்தையோ தூக்கிப் பாருங்கள். பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அழுத்துங்கள். கல்லுப்போல நின்று மெல்ல மேலே வந்தால் நல்லது. அழுத்தியது உள்ளேயே ஒட்டி மேலே வராவிட்டால், தாங்கிப் பக்கம் அடைக்கிறது. கிளிப்புகளை விரலால் தடவி முகருங்கள். பயோடீசல் பொரித்த எண்ணெய் மணக்கும், கசிவு உடனே தெரியும். கீழே குனிந்து தரையில் சொட்டு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

வீதியில் இழுவை விழுந்தால்

பில்டர் அடைப்பு சொல்லிக்கொண்டுதான் வரும். வெற்று வான் ஒழுங்காக ஓடும், ஆட்கள் ஏறியபின் 60க்கு மேல் இழுக்காது, அக்சிலேற்றரை விட்டுவிட்டு மிதித்தால் கொஞ்சம் தேறும். அப்போதே ஓரம் கட்டுங்கள்.

1. பில்டருக்குக் கீழே வாளி வைத்து, அடியிலுள்ள தண்ணீர்த் திருகைத் திறந்து ஒரு கோப்பை வடியுங்கள். உணரியின் வயரைக் கழற்றிப் பில்டரைக் கழற்றுங்கள்.
2. புதிய பில்டரின் றப்பர் வளையத்தில் சுத்த டீசல் தடவி, பில்டருக்குள்ளும் டீசல் நிரப்பி, கையால் இறுக்கிய பின் முக்கால் சுற்று.
3. கைப்பம்பை அது இறுகும்வரை அடியுங்கள், 30, 40 தரம் ஆகும். காற்றுத் திருகு இருந்தால் குமிழி நிற்கும்வரை திறந்துவைத்து அடித்து மூடுங்கள்.
4. ஸ்டார்ட் ஆகாவிட்டால், பழைய சுழல் பம்ப் வான்களில் மட்டும், நொசில் குழாய் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி 10 விநாடி சுற்றுங்கள். டீசல் துப்பியதும் இறுக்குங்கள். ஸ்டார்ட்டரை ஒரு நிமிடமாவது ஆறவிட்டே மறுபடி சுற்ற வேண்டும்.

கொமன் ரெயில் வானில் அந்த நான்காவது படியைத் தொடக்கூடாது. அந்தக் குழாயிலிருந்து பீறும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். ஊசிக்குத்துப் போலத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

புதிய பில்டர் பூட்டியும் அரை மணித்தியாலத்தில் மறுபடி நின்றால், கோளாறு பெரும்பாலும் காற்று இழுப்பது. பில்டருக்கும் பம்புக்கும் இடையில் ஒரு அடி கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்ரிக் குழாய் தற்காலிகமாகப் போட்டுக் குமிழி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ஹோஸ் அல்லது கிளிப். பார்த்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும், அது பயோடீசலுக்கு நிலைக்காது.

மாரியும் குளிரும்

ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றிலேயே ஈரம். பயோடீசல் டீசலைவிட அதிகமாக ஈரத்தை உறிஞ்சும். மாலையில் வானை நிறுத்தும்போது தாங்கி நிறைந்திருக்கட்டும், பாதித் தாங்கியின் மேற்சுவரில் இரவில் நீர் வியர்க்கும். மூடியின் றப்பரைப் பாருங்கள். கிழமைக்கு ஒரு தரம் பில்டர் அடித் திருகைத் திறந்து அரைக் கோப்பை வடித்து, கண்ணாடிப் போத்தலில் விட்டுத் தண்ணீர் பிரிகிறதா என்று பாருங்கள். குளம் நிரம்பி வழிந்து வெள்ளம் வீதியை மூடிய இடத்தில் தாங்கி நனைய ஓடியிருந்தால் அன்றே வடியுங்கள்.

வன்னிக் குளிரில் நல்ல பி20 உறையாது. ஆனால் தை மாதத்தில் நுவரெலியாவுக்கு ஹயர் கிடைத்தால், போவதற்கு முந்தைய நிரப்பலிலிருந்தே தனி டீசல் அடியுங்கள். பாம் எண்ணெயில் செய்த தனிப் பயோடீசல் 13 முதல் 16 பாகையிலேயே மங்கத் தொடங்கும், மலையின் இரவு அதைவிட மிகக் கீழே போகும்.

ஒயில், புகை, பதிவு

வழக்கமாக 5,000இல் ஒயில் மாற்றினால் 4,000இல் மாற்றுங்கள். அளவுகோலில் ஒயில் கூடினால் மகிழ வேண்டாம், எண்ணெய் உள்ளே இறங்குகிறது. பயோடீசலில் ஒட்சிசன் இருப்பதால் கரும்புகை குறையும், புகைப் பரிசோதனையில் இது உதவும். ஆனால் தேய்ந்த நொசிலை அது மறைக்காது. வெளிப்பூச்சில் சிந்தினால் உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள், பெயின்ற் உரியும். துடைத்த துணிகளைக் குவித்து ஆசனத்துக்குக் கீழே திணிக்கக் கூடாது. குவியல் தானே சூடேறிப் பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்து, மூடியுள்ள தகரத்தில் போடுங்கள்.

வண்டிக்குள் ஒரு அப்பியாசக் கொப்பி வையுங்கள்: திகதி, கிலோமீற்றர், டீசல் எவ்வளவு, பயோடீசல் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, பில்டர் மாற்றிய நாள். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் அரைப் போத்தல் மாதிரியில் திகதி ஒட்டி மூன்று மாதம் வைத்திருங்கள். இரண்டு, மூன்று சாரதிகள் மாறி ஓட்டும் வான் என்றால் தாங்கி மூடியில் "பி20" என்று எழுதி ஒட்டுங்கள், கடைசியாக ஏறியவர் தெரியாமல் இன்னொரு 8 லீற்றரை ஊற்றிவிடாமல் இருக்க.

தனி டீசலுக்குத் திரும்பும்போது

எண்ணெய் கிடைக்காமலோ வான் விற்பனைக்கோ தனி டீசலுக்குத் திரும்பினால், மாற்றாமல் விட்ட நைட்ரில் றப்பர்கள் ஊதிய நிலையிலிருந்து சுருங்கும். அதுவரை கசியாத பம்ப் இரண்டாவது தாங்கியில் கசியத் தொடங்குவது இதனால்தான். திரும்பிய முதல் 500 கிலோமீற்றரில் கிளிப்புகளை ஒரு தரம் இறுக்கி, பம்பின் கீழே காகிதம் விரித்து இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். இரண்டு கிழமைக்கு மேல் நிறுத்தப்போகும் வானில் கலவையைத் தாங்கியில் விட வேண்டாம். தனி டீசல் நிரப்பி, 20 கிலோமீற்றர் ஓடி, பம்புக்குள்ளும் நொசிலுக்குள்ளும் டீசல் நிற்கும்படி செய்துவிட்டே நிறுத்துங்கள்.